சுதந்திராக் கட்சி முதல் ஆன்லைன் ரம்மி வரை: யாருடைய சுதந்திரம்?

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் ஒரு கிளைக்கதை வருகிறது. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அது.

பாண்டிய நாட்டில் தங்கால் என்று ஓர் ஊர். அங்கே வார்த்திகன் என்ற அந்தணர் இருந்தார். சேர மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்த பராசரன் என்பவன் வழியில் தங்காலில் தங்குகிறான். வார்த்திகனின் சின்ன மகன் பிழையில்லாமல் வேதம் ஓதுவதைக் கேட்டு மகிழ்ந்து, தன் அணிகலன்களை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஏழை வீட்டில் திடீரென்று நகை மின்னியதும் அரசு ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரசனுக்குச் சேர வேண்டிய புதையலை எடுத்துக்கொண்டார் என்று சொல்லி வார்த்திகனைச் சிறையில் போட்டார்கள். மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. அரசன் விசாரித்து, தவறு தன் பக்கம் என்று தெரிந்ததும் வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்டான். தங்காலையும் வயலூரையும் அவருக்கே கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. சிறைகளைத் திறந்துவிடச் சொன்னான், வரிபாக்கியைத் தள்ளுபடி செய்தான், புதையல் கிடைத்தால் அது கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்று முரசறைந்தான்.

அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்பார்கள். சிவகாசிக்குப் பக்கத்து ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். 2021-இல் சிவகாசி மாநகராட்சி ஆனபோது திருத்தங்கலும் அதோடு சேர்ந்துவிட்டது.

தனி மனிதனின் உடைமை எதுவரை, அரசின் கை எதுவரை என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் இந்தக் கதை. பல நூற்றாண்டுகள் கழித்தும் அதே கேள்வி இங்கே வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பட்டாசு வெடிக்கும் நேரம் ஓர் உருவம். கணினியிலும் செல்போனிலும் விளையாடும் விளையாட்டு இன்னோர் உருவம்.

இரண்டு கடிகாரங்கள்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தீபாவளி அன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம், பேரியம் கலந்த பட்டாசு கூடாது, சரவெடி கூடாது என்று சொன்னது. தமிழ்நாட்டில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலும் வெடியும்தானே? மாநில அரசு அதை எடுத்துச் சொன்ன பிறகு, மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று தமிழக அரசு நேரம் வைத்தது. நேரம் தவறி வெடித்தவர்கள் மீது மாநிலம் முழுக்க வழக்குகள் பதிவாயின. சிவகாசியில் ஆலைகளை மூடிப் போராட்டம் நடந்தது. பண்டிகைக்கு வெடிக்கக்கூட மணி பார்க்க வேண்டுமா என்று கொதிக்காதவர்கள் இந்தப் பகுதியில் குறைவு.

இன்னொரு கடிகாரம் 2025 பிப்ரவரியில் வந்தது. பணம் வைத்து ஆன்லைனில் விளையாடுபவர்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை விளையாடக் கூடாது, ஆதார் வைத்து அடையாளம் காட்டித்தான் நுழைய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது. இதற்கு டீக்கடையில் கேட்கக்கூடிய பதில் என்ன? "நல்லதுதான், பிள்ளைகள் கெட்டுப்போகுது" என்பதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அரசுதான் மணி அடிக்கிறது. ஒன்று அநியாயம், மற்றொன்று நல்லது. இதை வெறும் இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த முரண்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் நடுவில் நிற்பவர் ராஜாஜி.

நட்சத்திரச் சின்னக் கட்சி

அமெரிக்காவில் குடியரசுக் கட்சி, இங்கிலாந்தில் கன்சர்வேட்டிவ் கட்சி என்று பழமைவாதக் கட்சிகள் உண்டு. அரசு சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைவாக இருக்க வேண்டும், சொத்துரிமை காக்கப்பட வேண்டும், பழைய ஒழுக்க நெறிகள் போற்றப்பட வேண்டும் என்பது பொதுவாக அவர்கள் வாதம். அப்படி வெளிப்படையாகப் பேசிய கட்சி இந்தியாவிலும் ஒன்று இருந்தது. அதுவும் சென்னையில் பிறந்தது.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சிறு விவசாயியின் நிலம் அவன் கையை விட்டுப் போய்விடும் என்ற அச்சம் கிளம்பியது. அந்த ஆண்டு ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. அப்போது ராஜாஜிக்கு வயது 80. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், வங்க ஆளுநர், சென்னை மாகாணப் பிரதமர், பிறகு முதல்வர் என்று எல்லாப் பதவியும் பார்த்துவிட்டு, பேரன் பேத்திகளோடு இருக்க வேண்டிய வயதில் புதுக் கட்சி! என்.ஜி. ரங்கா தலைவரானார். மினு மசானி, கே.எம். முன்ஷி போன்றவர்கள் சேர்ந்தார்கள். சின்னம் நட்சத்திரம்.

தொழில் தொடங்கவும், விரிவாக்கவும், பொருள் இறக்குமதி செய்யவும் டெல்லியில் போய் நின்று அனுமதி வாங்க வேண்டிய காலம் அது. அதற்கு ராஜாஜி வைத்த பெயர்தான் 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்'. வெள்ளைக்காரன் ராஜ்ஜியம் போய் உரிமச் சீட்டின் ராஜ்ஜியம் வந்துவிட்டது என்பது அதன் பொருள். 1952-இல் முதல்வரானதும் உணவுப் பொருள் கட்டுப்பாட்டை அவர் நீக்கியிருந்தார். ஆகவே இது அவருக்குத் திடீரென்று முளைத்த கொள்கை அல்ல.

அந்தக் கட்சியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அடிப்படைக் கொள்கைகள் 21. அவற்றுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர்கள் அவரவர் மனசாட்சிப்படி பேசலாம், ஓட்டளிக்கலாம். தலைவர் சொன்னால் மேசையைத் தட்டுவதே உறுப்பினர் வேலை என்றாகிவிட்ட காலத்தில் இதை நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

1962 பொதுத் தேர்தலில் மக்களவையில் 18 இடம். 1967-இல் 44 இடம் பெற்று மிகப்பெரிய எதிர்க்கட்சி ஆனது.

காமராஜர் மண்ணில் 1967

இப்போது விருதுநகர் பக்கம் வருவோம். ராஜாஜிக்கு நேர் எதிரே நின்றவர் இந்த மண்ணின் காமராஜர். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் இருந்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று இருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி அது பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதல்வரானார். திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகள் பெருகின. மதிய உணவு வந்தது.

சுதந்திரம் பற்றிய பேச்சில் இது முக்கியமான இடம். தொழில் செய்பவனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று வாதாடிய அதே தலைவரின் திட்டம், அப்பன் தொழிலை விட்டு வெளியே போக நினைத்த பிள்ளையின் சுதந்திரத்தை மறந்துவிட்டது. காமராஜரின் அரசு செலவு செய்தது, வரி வாங்கியது, திட்டம் போட்டது. ஆனால் அந்த அரசு கட்டிய பள்ளிக்கூடம்தான் ஏராளமான பிள்ளைகளுக்குத் தங்கள் தொழிலைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தது. அரசு விலகினால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது, சில சமயம் அரசு வந்தால்தான் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1967 தேர்தலில் ராஜாஜி திமுகவோடு கூட்டணி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அரசு விலையில் தலையிடக் கூடாது என்ற கட்சி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்த கட்சியோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டது. விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். அதே தேர்தலில் சிவகாசி மக்களவைத் தொகுதியை வென்றது எந்தக் கட்சி தெரியுமா? சுதந்திராக் கட்சி! சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்கு 20 இடம் கிடைத்தது.

பிறகு காற்று மாறியது. 1971-இல் ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணியில் நின்று தோற்றார்கள். சுதந்திராக் கட்சி மக்களவையில் 8 இடமாகச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. 1991 ஜூலையில் உரிமச் சீட்டு ராஜ்ஜியத்தைப் பெருமளவு கலைத்தது எந்தக் கட்சியை எதிர்த்து ராஜாஜி கட்சி தொடங்கினாரோ அதே காங்கிரஸ்தான்.

சந்தைக்குச் சுதந்திரம், சாராயத்துக்கு இல்லை

ராஜாஜி எல்லாவற்றிலும் சுதந்திரம் கேட்டவர் என்று நினைத்தால் அது தவறு. 1937 அக்டோபர் 1 அன்று இந்தியாவுக்கே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். கள்ளுக்கடை வருமானம் போனதால் அரசுக்குப் பணம் வேண்டும். அதற்காக 1939-இல் அவர் அரசு விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. வரி குறைய வேண்டும் என்ற கட்சியைப் பின்னாளில் தொடங்கியவர்தான் இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு வழி திறந்தார்! 1971-இல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, தள்ளாத வயதில் நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை.

இது முரண்பாடா? ராஜாஜியின் பார்வையில் இல்லை. வியாபாரி தன் கடையைத் தானே நடத்தத் தெரிந்தவன், அதில் அரசுக்கு வேலை இல்லை. குடிகாரன் தன்னையே நடத்த முடியாதவன், அவன் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் பட்டினி கிடக்கிறார்கள், ஆகவே அங்கே அரசு நுழையலாம். இதுதான் அவருடைய கணக்கு. உலகம் முழுக்கப் பழமைவாதக் கட்சிகளிடம் இந்த இரட்டைக் கணக்கு உண்டு. பணப்பெட்டிக்குச் சுதந்திரம், பழக்கவழக்கத்துக்குக் கட்டுப்பாடு. இடதுசாரிகளிடம் பல நேரம் இதன் தலைகீழ்க் கணக்கைப் பார்க்கலாம்.

பின்னாளில் டாஸ்மாக் வந்தது. 1983-இல் தொடங்கி, 2003-இல் சில்லறை விற்பனையும் அரசு கைக்கே வந்துவிட்டது. குடியைத் தடுக்க வேண்டிய அரசே கடை திறந்து, அதற்கும் பகல் 12 முதல் இரவு 10 வரை என்று மணி அடிக்கிறது.

சிவகாசியின் கணக்கு

ராஜாஜியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிவகாசியின் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து தொடங்குகிறது இந்த ஊரின் தொழில் வரலாறு. தீப்பெட்டிக்குப் பிறகு பட்டாசு, லேபிள் தேவைக்காக அச்சகம் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. மழை குறைந்த கரிசல் காடு, விவசாயம் பொய்த்துப்போகும் மண். அரசு கொடுத்த வேலை அல்ல இது, தானே உண்டாக்கிக்கொண்ட வேலை. ஆகவே 'எங்களை விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற குணம் இந்தப் பகுதிக்கு இயல்பானது. சுதந்திராக் கட்சிப் பேச்சு இங்கே எடுபட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. இயந்திரத்தில் தீப்பெட்டி செய்த பெரிய நிறுவனமான விம்கோவோடு கையால் செய்தவர்கள் போட்டியிட முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கைத்தொழிலுக்கு அரசு கொடுத்த கலால் வரிச் சலுகை. சீனப் பட்டாசு கடைக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடு. சந்தையை முழுக்கத் திறந்துவிட்டிருந்தால் இந்த ஊரின் கதை வேறாகியிருக்கும். மற்றவர்களின் உரிமச் சீட்டு விலங்கு, நம்முடைய உரிமச் சீட்டு கேடயம். அன்றாடப் பேச்சில் சுதந்திரம் என்ற சொல் பெரும்பாலும் இப்படித்தான் புழங்குகிறது.

லாட்டரியும் அப்படித்தான். 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டுத் தொடங்கியது. சிவகாசி அச்சகங்களுக்கு லாட்டரிச் சீட்டு அச்சடிப்பது நல்ல வேலையாக இருந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரிக்குத் தடை போட்டது. சீட்டு வாங்கி அழிந்த குடும்பங்கள் நிம்மதி அடைந்தன. சீட்டு விற்றுப் பிழைத்தவர்களும் அச்சகத்தில் இருந்தவர்களும் வேறு வேலை தேடினார்கள். ஒரே தடை, ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வரம், பக்கத்து வீட்டுக்குச் சாபம்.

விளையாட்டும் சூதும்

லாட்டரி போன இடத்துக்குச் செல்போன் வந்தது. அதற்கு முன்பே பிரவுசிங் சென்டர் காலம் ஒன்று இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து ரோட் ராஷும் வைஸ் சிட்டியும் விளையாடிய பையன்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அப்போது அதைத் தடுத்தது சட்டம் அல்ல, தேடிக்கொண்டு வந்து காதைத் திருகிய அப்பாதான்.

செல்போன் அந்த எல்லையை அழித்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. சொன்ன காரணம் பிள்ளைகளின் படிப்பு அல்ல, நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். அடுத்த ஆண்டே வேறு பெயரில் அது திரும்பி வந்தது, 2022-இல் மீண்டும் எடுக்கப்பட்டது, 2023-இல் நேரக் கட்டுப்பாட்டோடு மறுபடியும் வந்தது.

பணம் வைத்து ஆடும் ரம்மி இன்னும் சிக்கலானது. ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சத்தியநாராயணா வழக்கில் சொல்லிவிட்டது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது, 2021-இல் அது சட்டமானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் திறமை விளையாட்டுகளான ரம்மிக்கும் போக்கருக்கும் தடை பொருந்தாது என்றது. அதற்கிடையே அக்டோபரில் மத்திய அரசு 28 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தது. கடைசியாக 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை என்று நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலில் வரி, பிறகு தடை. 1937-இல் முதலில் தடை, பிறகு வரி. வரிசை மட்டும்தான் வேறு.

வெளியூர்க் கணக்குகள்

மற்ற நாடுகளிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. கலிபோர்னியாவில் வன்முறை மிகுந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டத்தில் 2005-இல் கையெழுத்திட்டவர் ஆளுநர் அர்னால்ட் சுவார்ஸ்நேகர். குடியரசுக் கட்சிக்காரர், அதோடு துப்பாக்கிப் படங்களின் நாயகர்! 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. புத்தகத்துக்கு உள்ள பேச்சுரிமைப் பாதுகாப்பு வீடியோ கேமுக்கும் உண்டு என்பது தீர்ப்பு. அதை எழுதியவர் பழமைவாத நீதிபதிகளில் முதன்மையானவர் என்று பெயரெடுத்த ஸ்காலியா. எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவரான கிளாரன்ஸ் தாமஸும் பழமைவாதிதான். பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையிடம் பேசும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அவர் வாதம். ஒரே கொள்கைக்காரர்கள் இருவர், இரண்டு பதில்.

தென் கொரியா 2011-இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பத்து ஆண்டு வைத்திருந்துவிட்டு, குடும்பமே முடிவு செய்யட்டும் என்று எடுத்துவிட்டது. சீனா 2021-இல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று ஆக்கியது. இந்த மூன்றில் எது சரி? அதற்கான விடையையும் பட்டாசு ஆலையிலேயே தேடலாம்.

எந்த விதி, யாருக்காக?

பட்டாசு ஆலையில் விதிகள் உண்டு. ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அறைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும், மருந்து அளவு இவ்வளவுதான் என்று. முதலாளிக்கு இவை தொல்லை. ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்தது என்ன? ஏறத்தாழ 40 உயிர்கள். உதவ ஓடி வந்தவர்களும் அதில் சிக்கினார்கள். அந்த விதி, உள்ளே மருந்து அடைத்துக்கொண்டிருப்பவளின் உயிருக்காக எழுதப்பட்டது. அவள் அந்த ஆபத்தைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வதற்கு, வேறு வேலை கைவசம் இருந்திருக்க வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் வழக்கும் அதுதான். சிவகாசி பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எங்கள் பிள்ளையை எங்கே அனுப்புவது என்பது எங்கள் உரிமை என்று அன்றைக்குச் சொன்ன பெற்றோரும் இருந்தார்கள். இன்று அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். தடை போட்டதைப் பற்றி இப்போது யாரும் வருத்தப்படுவதில்லை.

ஆகவே அளவுகோல் 'அரசு தலையிடலாமா கூடாதா' என்பதல்ல. அடி யார் மேல் விழுகிறது, அவர்களுக்கு விலகிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதுதான். மருந்து அறையில் இருப்பவளுக்கு வழி இல்லை. தீப்பெட்டி ஒட்டிய ஏழு வயதுப் பிள்ளைக்கு வழி இல்லை. ஆட்டத்தை விட முடியாதபடி வலை பின்னி, கடன் கொடுத்து, மறுபடி ஆடவைக்கும் நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டவனுக்கும் அவன் வீட்டுக்கும் வழி குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பணம் கட்டாமல் துப்பாக்கி விளையாட்டு விளையாடும் கல்லூரி மாணவனால் யாருக்கு என்ன கேடு? அவன் நேரம் வீணாகிறது, அவ்வளவுதான். நேரத்தை வீணடிக்கும் உரிமையும் ஓர் உரிமைதான். அதற்கு அம்மா திட்டலாம், அரசு திட்ட வேண்டியதில்லை.

ராஜாஜி கேட்ட கேள்வி சரியானது: ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும் மக்கள் சுதந்திர மக்களா? காமராஜர் சொன்ன பதிலும் சரியானது: பசித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் வெறும் அனுமதி மட்டும் போதாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசும் கட்சி ஒன்று தமிழ்நாட்டில் உருவாகாமல் போனதுதான் இழப்பு. 1971-இல் இருவரும் ஒரே மேடை ஏறியது கூட்டணிக்காக, கொள்கை கூடியதால் அல்ல.

கடைசியாக வார்த்திகனிடமே திரும்பிப் போகலாம். அந்தக் கதையில் அரசன் செய்த தவறு, புதையலைத் தேடியது அல்ல. விசாரிக்காமல் பிடித்தது. ஏழை வீட்டில் நகை இருந்தால் திருடு என்று முடிவு கட்டியது. அவனை நல்ல அரசனாக்கியது, தவறு என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுச் சட்டத்தையே மாற்றிக்கொண்டது. எந்தக் கட்சி ஆண்டாலும், கையில் எந்தக் கடிகாரம் இருந்தாலும், இந்த ஒரு குணம் அதனிடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்தக் கோயில் கதவு திறந்தது, அரசன் தன் தவறை ஒப்புக்கொண்ட பிறகுதான்.